மூன்று மாதம் தாங்கும் முடி

விக் சாமான் வாங்குவதற்காகப் பிரபாகரன் போடியிலிருந்து தேனிக்கு பஸ் ஏறினான். போடியிலும் அது கிடைக்கும். ஆனால் போடியில் ஒருவன் சீப்பு வாங்கினால், அவன் வீடு போய்ச் சேருமுன் அது என்ன நிறச் சீப்பு என்று தெருவுக்கே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை அவன் செய்யப்போகும் காரியத்துக்கு அது நல்லதில்லை.

தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ரெபேக்காள், விக் யாருக்கு என்று கேட்டாள். சிலமலையில் நாடகம் போடுகிறார்கள், சிநேகிதன் வேஷம் கட்டுகிறான் என்றான். பொய் சொல்லும்போது பிரபாகரனுக்கு முகம் மாறாது. அது அவனுக்கு வாய்த்த வரம்.

அவள் நாலைந்து டப்பாக்களை மேசையில் பரப்பினாள். ஜெல் வேண்டாம், முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நனைந்த கோழி மாதிரி ஆகிவிடும். சீரம் போட்டால் வெயிலில் மினுமினுக்கும், பொம்மை முடி என்று கைக்குழந்தைகூடச் சொல்லிவிடும். தேங்காய் எண்ணெய் பக்கமே போகக் கூடாது. கடைசியில் மினுக்கம் இல்லாத ஸ்ப்ரே ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு முழம் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும், வகிட்டில் துளி முகப்பவுடர் தொட வேண்டும், அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துச் சீவ வேண்டும்.

“அப்படியே ஒங்க முடி மாதிரி இருக்கும்ணே,” என்று அவன் தலையைப் பொறாமையோடு பார்த்தாள். “மூணு மாசத்துக்கு எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்க முடியாது.”

“மூணு மாசமும் பனி, வேர்வை எல்லாம் தாங்குமா?”

“தாங்கும். ஆமா, ஒரு நாள் நாடகத்துக்கு எதுக்கு மூணு மாசம்?”

பிரபாகரன் இரண்டு ஸ்ப்ரேயாகக் கட்டச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மதியம், போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், எட்டு எம்.எம். முதல் தரக் காய் இரண்டு மூட்டை காணாமல் போனது. பூட்டு உடையவில்லை. சாவி போட்டே திறந்திருந்தார்கள். சாவி இருப்பது முதலாளி முத்துக்கிருஷ்ணனிடமும் சூப்பர்வைசர் பிரபாகரனிடமும்தான். பிரபாகரன் அன்று லீவு. தேவாரத்தில் குத்தகைக்கு எடுத்த மக்காச்சோளத் தோட்டத்தில் யானை புகுந்துவிட்டது, அதைப் பார்க்கப் போயிருந்தேன் என்றான். யானை சாட்சி சொல்ல வராது.

ஆனால் ஸ்டோர் கதவுக்கு மேலே கேமரா இருந்தது. ரொம்ப உயரத்தில் மாட்டியிருந்ததால் திருடனின் முகம் அதில் விழவில்லை, உச்சந்தலை மட்டும் விழுந்திருந்தது. நடு மண்டை முழுக்க வழுக்கை. அந்த வழுக்கையில் ஏலக்காய் அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம்.

இரண்டு நாளாக போலீஸ் ஊரில் இருக்கும் வழுக்கைகளையெல்லாம் குனியச் சொல்லிப் பார்த்தது. முதலாளியும் குனிந்தார். மச்சம் இல்லை. ஏட்டு முத்துப்பாண்டி அந்தப் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் நின்றால்கூட உட்கார்ந்திருப்பவர்கள் மண்டையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிரபாகரனின் மனைவி சுஜாதாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

திங்கட்கிழமை காலையில் பிரபாகரனை ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சாவியைப் பற்றியே மதியம் வரை கேட்டார்கள். பிறகு, குனியட்டுமா என்று அவனே கேட்டான். ஏட்டு சிரித்துவிட்டார்.

“நீங்க எதுக்கு மாப்ளே குனியுறீங்க? ஒங்க தலையில ஏலத்தோட்டமே போடலாம்.”

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார். மினுக்கம் இல்லை, கொத்து இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பிரபாகரன் விக்கைக் கழற்றி வைத்துவிட்டு உச்சந்தலை மச்சத்தைச் சொரிந்துகொண்டான். பகலெல்லாம் வேர்த்து அரித்துக்கொண்டிருந்தது. திருடப் போகிறவர்கள் விக் வைத்துக்கொண்டு போவார்கள். இவன் கழற்றி வைத்துவிட்டுப் போனான், அவ்வளவுதான் வித்தியாசம். போடிக்கு வந்த நாளிலிருந்து ஊருக்கு அவன் முடிக்காரன். இந்த முடியைப் பார்த்துத்தான் ஆறு மாதத்துக்கு முன்பு சுஜாதா அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். தலையில் கை பட்டால் தலைவலி வரும் என்று அவளிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். விசாரணை ஓயும் வரை, மூன்று மாதம், யார் கண்ணிலும் இந்த மண்டை படாமல் இருந்தால் போதும். பிறகு சொந்தக் கடை.

மறுபடி ஒட்டி, ஒரு முழம் தள்ளி ஸ்ப்ரே அடித்து, வகிட்டில் பவுடர் தொட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

சுஜாதா காப்பி கொண்டுவந்தாள். கண் வீங்கியிருந்தது. காலையிலிருந்து அவள் பல்லில் பச்சைத்தண்ணீர் படவில்லையாம். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, புருஷன் பழியில்லாமல் வீடு திரும்பினால் செய்வதாகக் குலசாமிக்கு ஒன்று நேர்ந்துகொண்டாளாம். அவன் வாசலில் கால் வைத்ததுமே அண்ணனுக்குப் போன் போட்டு அதைச் சொல்லியும் விட்டாளாம்.

நம் மேல் இவ்வளவு பாசமா என்று பிரபாகரனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பொங்கலோ, பட்டோ, கிடாயோ, எதுவானாலும் குறையில்லாமல் செய்துவிடலாம் என்று மனதாரச் சொன்னான்.

“கெடா எல்லாம் இல்லீங்க, ஒங்க முடிய எறக்குறதாத்தான் நேந்துக்கிட்டேன்,” என்றாள் சுஜாதா. “வர்ற வெள்ளிக்கெழம வெரசா கெளம்பணும். மொட்டை போடுறத பக்கத்துலயே நின்னு போட்டோ எடுக்கணும்னு முத்துப்பாண்டி அண்ணனும் கூட வர்றாரு.”