இரண்டு கோடு தள்ளி

"அந்த முள்ளை முறைச்சுக்கிட்டே இருந்தா, அது பயந்துபோய் நகர்ந்துடுமா?" என்று கேட்டாள் மனைவி, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே.

லேத்துக்காரர் நிமிரவில்லை. சாப்பாட்டு மேஜை மேல் அவர் செய்த கருவி நின்றது. உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புப் பீடம், அதிலிருந்து நீளும் மெல்லிய எஃகு நாக்கு, மேலே கடிகாரம் மாதிரி ஒரு டயல். நாக்கின் மேல் சீவாளியைச் செருகினால், அதன் கனத்தை, அதாவது தடிமனை, முடியளவுகூடப் பிசகாமல் முள் காட்ட வேண்டும். காட்டத்தான் செய்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் வேறொன்று என்று காட்டியதுதான் தகராறு.

"காலையில சரியா இருந்துச்சு. இப்ப ரெண்டு கோடு தள்ளி நிக்குது. அதே சீவாளி, அதே இடம். நேத்தும் இதே கூத்துதான்!"

"நாள் பூரா பட்டறையில நின்னுட்டு வந்து உக்காந்தா கண்ணு அசந்துதானே போகும்? காலையில அளந்ததையே வெச்சுக்குங்களேன்."

"நேரத்துக்கு ஒண்ணு சொல்ற கருவியை வெச்சு நாக்கு வழிக்கவா?"

அவள் ஓபோ என்கிற மேல்நாட்டுக் குழல் வாசிப்பவள். அந்த வாத்தியத்தின் உயிரே சீவாளிதான். இரண்டு நாணல் சீவல்களைச் சேர்த்துக் கட்டி, வாயில் வைத்து ஊதும் சின்னத் துண்டு. நாணலைச் செதுக்கி உதட்டில் வைத்தாலே கனம் சரியா இல்லையா என்று சொல்லிவிடுவாள். போன வருஷம் முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கோணல் சரியாகிவிட்டது. உதட்டுக்குப் பழைய உணர்ச்சிதான் திரும்பவில்லை. அதன் பிறகு அவள் செதுக்கிய சீவாளிகள் ஒன்று கீச்சிட்டன, இல்லையென்றால் ஊமையாகக் கிடந்தன. ஒருநாள் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, "இனிமே என்னை ஊதச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

நோய்க்கு முன்னால் செதுக்கியதில் மிஞ்சியது ஒரே ஒரு நல்ல சீவாளி. அதை அளந்து, அதே கனத்தில் புதிதாகச் செதுக்கித் தந்தால் அவள் மனசு மாறும் என்று லேத்துக்காரர் நம்பினார். உதடு செய்த வேலையை இனி இரும்பு செய்யட்டுமே! இசைக்குழுவும் அவள் நாற்காலியை இந்த மாசக் கடைசி வரைதான் காலியாக வைத்திருக்கும்.

"எனக்காக எதுக்கு இப்படி மண்டையை உடைச்சுக்கிறீங்க?"

"பின்ன, எதிர்வீட்டு அம்மாவுக்காகவா உடைச்சுக்குவேன்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தாலும், கண் என்னவோ சீவாளி மேலேயே இருந்தது.

லேத்துக்காரர் கருவியைக் கழற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார், நாக்கைத் துடைத்தார், முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி மறுபடி அளந்தார். பிடிவாதக்காரக் கழுதை, அதே இரண்டு கோடு தள்ளித்தான் நின்றது. ஊரில் யாருடைய மெஷின் மக்கர் பண்ணினாலும் சரிசெய்து கொடுக்கிற கை, சொந்த வீட்டுக்கு உதவாமல் போய்விட்டதே!

"போதும். எனக்கு இரும்புதான் தெரியும், இசை தெரியாது" என்று எழுந்தார். "நாளைக்கே போன் பண்ணி, வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடுறேன்."

கருவியைத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த பழைய இரும்பு போடுகிற கூடையை நோக்கி நடந்தார். மடித்த துணியெல்லாம் தரையில் சரிய, மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, போட்டுடாதீங்க! அதுல ஒரு குத்தமும் இல்ல."

"குத்தம் இல்லாமயா ரெண்டு கோடு கூடுது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நாணல் நனைஞ்சா கொஞ்சம் உப்பும்ங்க. நல்லாத் துடைச்சுத்தான் வைக்கிறேன், ஆனாலும் விடிஞ்சாத்தான் முழுசாக் காயுது" என்றாள். "நீங்க பட்டறைக்குக் கிளம்பினதும், கதவைச் சாத்திக்கிட்டுத் தினமும் அதைத்தானே ஊதிப் பழகுறேன்!"