மேபலின் கிண்ணம்

மேபலின் தண்ணீரை ட்ரெவர் திருடிக் குடிக்க ஆரம்பித்துப் பதினோரு நாளாகிறது.

மேபல் அவர் வளர்க்கும் ஃபெரட். வெள்ளையாக, நீளமாக, கீரிப்பிள்ளை மாதிரி இருப்பாள். ட்ரெவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவர் வீட்டில் ஃபெரட் இல்லாத நாள் கிடையாது. இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிப் பக்கம் ஃபெரட்டை வளைக்குள் விட்டு முயல் பிடிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

மேபலுக்கு இதய நோய். ட்ரெவருக்கும் அதேதான். இருவருக்கும் நீர் பிரிய மாத்திரை. சட்டம் மட்டும் வேறு வேறு.

"டீ, சூப் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். அதுக்கு மேல தொடக்கூடாது" என்றார் ட்ரெவரின் டாக்டர்.

"மாத்திரை இவ உடம்பை வறட்டிடும். எந்நேரமும் தண்ணி பக்கத்துல இருக்கணும். பாட்டில் வேணாம், கிண்ணத்துல வைங்க. அப்பத்தான் நிறையக் குடிப்பா" என்றார் மேபலின் டாக்டரம்மா.

ட்ரெவரின் மனைவி பிரெண்டா இரண்டு சட்டத்தையும் கறாராக நடத்தினார். ட்ரெவருக்கு அளந்து ஊற்றிய டீ. மேபலுக்குப் புதுப் பீங்கான் கிண்ணம், இரண்டு வேளையும் வெந்நீரில் கழுவி. கீழே வைத்தால் கவிழ்த்துவிடுகிறாளாம், அதனால் சமையலறை முக்காலியின் மேல்.

"நான் ஃபெரட்டாப் பொறந்திருக்கலாம்" என்றார் ட்ரெவர்.

"பொறந்திருந்தா ரெண்டு முயலாவது பிடிச்சிருப்பே."

குழாயைத் திறந்தால் பழைய வீடு முழுக்க ஊளையிடும். கிண்ணம் வாயே திறக்காது. பிரெண்டா மாடியேறினால் ட்ரெவர் இரண்டு மடக்கு குடித்துவிடுவார். தாகம் மானம் பார்க்கிறதா என்ன?

இன்று காலை மேபல் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டும் அசையவில்லை. தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்கினாள். மூச்சு மட்டும் இருந்தது. கூடையில் போட்டுக்கொண்டு ட்ரெவரும் பிரெண்டாவும் டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

"தண்ணி ஒழுங்காக் குடிக்கிறாளா?"

"முக்காலியில வைக்கிற கிண்ணம் தினம் காலியாகுது" என்றார் பிரெண்டா, நிதானமாக.

ட்ரெவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"காலி பண்றது நான்தாம்மா! நோயாளி வாயிலேருந்து புடுங்கிக் குடிச்சேன். என் பொண்ணை நானே கொன்னுட்டேன்!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேபலின் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் சட்டென்று படிந்தது. ஈறைத் தொட்டுப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"துளி வறட்சி இல்ல. நல்லாத் தண்ணி குடிச்ச உடம்பு. ஃபெரட் தூங்கினா இப்படித்தானே தூங்கும்? இத்தனை வருஷம் வளர்த்த உங்களுக்கா தெரியாது?"

அதற்குள் மேபல் கொட்டாவி விட்டு, ட்ரெவரின் விரலை மெல்லக் கடித்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப... இவ எங்கதான் குடிச்சா?"

"மாடிப்படிக்கு அடியில இவளுக்குன்னு கனமா ஒரு மண்சட்டி வெச்சிருக்கேன். மடங்காத உன் முழங்காலை வெச்சுக்கிட்டு அங்க நீ குனிய முடியாது" என்றார் பிரெண்டா.

"முக்காலியில இருந்த கிண்ணம்?"

பிரெண்டா கூடையை மூடினார்.

"உனக்கு டாக்டர் சொன்னது ஒன்றரை லிட்டர். நான் அளந்து குடுக்கிறது ஒண்ணேகால்தான். நீ எப்படியும் திருடத்தான் போறேன்னு தெரியும், கிழவா. மீதிக் கால் லிட்டரைத்தான் தினம் அந்தக் கிண்ணத்துல ஊத்தி வெச்சேன்."