சாமிதுரைக்கு ஒரு சால்வை

சால்வையை வெற்றிச்செல்வியின் கையில் திணித்தார் கபடிச் சங்கச் செயலாளர் ராஜராஜன்.

"கோச்சுக்கு நீதாம்மா போடணும். அவரு வளத்த புள்ள நீ. போட்டோ நல்லா வரும்."

அரியலூர் மைதானத்தில் கபடி மேட் விரித்திருந்தார்கள். தொழில்முறை மகளிர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விடியலிலேயே பஸ் பிடித்து வந்த நாற்பது பெண்கள் கோட்டுக்கு அப்பால் வரிசையாக நின்றார்கள். வெற்றிச்செல்வி அந்த அணியின் முன்னாள் கேப்டன். இப்போது துணைப் பயிற்சியாளர்.

தலைமைப் பயிற்சியாளர் யார் என்று அந்த நிமிடம் வரை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கார்க் கதவைத் திறந்துகொண்டு சாமிதுரை இறங்கினார்.

ஏழு வருஷத்தில் தொப்பை மட்டும் கொஞ்சம் போட்டிருந்தது. மற்றபடி அதே நடை, அதே சிரிப்பு. முன்வரிசையில் நின்ற பெண் ஒருத்தி ஓடிப்போய்க் காலைத் தொட்டாள். அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நிறுத்திய பிறகும் கை தோளிலேயே இருந்தது.

வெற்றிச்செல்வி ராஜராஜன் பக்கம் திரும்பினாள்.

"இந்த ஆளையா சார் திரும்பக் கூப்பிட்டீங்க?"

"மெதுவாப் பேசு. ஏழு வருஷம் ஒதுங்கி இருந்துட்டாரு. மனுஷனுக்கு இன்னொரு வாய்ப்பு குடுக்க வேணாமா? மன்னிப்பும் கேட்டுட்டாரு."

"யார்கிட்ட?"

"சங்கத்துகிட்ட."

சங்கத்திடம். தென்றலிடம் இல்லை.

தென்றல் திருமானூர்க்காரி. இருபது வயதிலேயே அணியின் முதல் ரெய்டர். அவள் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் எதிரணி தானாக இரண்டடி பின்வாங்கும். பயிற்சி முகாமில் ஒரு மத்தியானம், முழங்காலுக்குக் கட்டுப் போட்டுவிடுகிறேன் என்று சாமிதுரை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே தனக்கு நடந்ததை அவள் தன் கைப்பட இரண்டு பக்கம் எழுதிச் சங்கத்தில் கொடுத்தாள். கத்தினேன் என்றும் எழுதியிருந்தாள்.

ராஜராஜன் தலைமையில் சங்கம் ஒரு மணி நேரம் விசாரித்தது. அதில் கால் மணி காப்பிக்குப் போனது. முகாமில் இருந்த மற்றப் பதினோரு பெண்களும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள்.

சாமிதுரை உடல்நலக் குறைவால் விலகினார் என்று பேப்பரில் வந்தது. தென்றல் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாள் என்று நோட்டீஸ் போர்டில் வந்தது.

இப்போது அவளுக்கு இருபத்தேழு. பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு புடவை பிரித்துப் போடுகிறாள். ரெய்டரின் கால் ஏழு வருஷம் ஆடாமல் கிடந்தால் அப்புறம் அது வெறும் கால்தான். அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க எந்தச் சங்கமும் கார் அனுப்பவில்லை.

"போடும்மா," என்று ராஜராஜன் பல்லைக் கடித்தார்.

வெற்றிச்செல்வி சாமிதுரையைத் தாண்டிப் போய் மேசை மேல் இருந்த மைக்கை எடுத்தாள்.

"இந்த ஆளு தனியாக் கூப்பிட்டா போகாதீங்க. முழங்கால் வலின்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஏழு வருஷமா ஏன் இங்க இல்லைன்னு இவரையே கேளுங்க. பதில் சொல்ற வரைக்கும் ஒருத்தியும் மேட்ல ஏறாதீங்க!"

யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். பிடுங்கியும் பயனில்லை. மூச்சு விடாமல் பாடிப் பழகிய தொண்டை அது. கேட் வரைக்கும் கேட்டது.

சாமிதுரை கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்ன வெற்றி, உனக்குத் தெரியாததா?"



சால்வை எப்போது கையைவிட்டு விழுந்தது என்று தெரியாது. அதை மிதித்துக்கொண்டு நடந்தாள். வரிசையில் ஒரு பெண் குனிந்து ஷூ லேசை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவளும் பையை எடுத்தாள்.

ரோட்டில் சிமெண்ட் லாரிகள் புழுதியை வாரியடித்துக்கொண்டு போயின. அந்த இரைச்சலில் நின்றபடி தென்றலுக்குப் போன் போட்டாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன், உனக்குச் சம்மதம்தானா என்று கேட்டாள்.

அந்தப் பக்கம், கடையில் யாரோ பார்டர் வேறு கலரில் இருக்கிறதா என்று கேட்பது கேட்டது.

"எழுதிக் குடுங்க. நான் வந்து சொல்றேன். ஆனா எழுதுறத முழுசா எழுதுங்க."

வைத்துவிட்டாள்.

மகளிர் காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிச்செல்வி முழுசாக எழுதினாள். எழுதி முடிக்கக் கால்வாசிப் பகல் ஆனது.

இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு வரி விடாமல் படித்தார். யார் யார் மேல் புகார் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. பயிற்சியாளர் சாமிதுரை. செயலாளர் ராஜராஜன். மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இது உங்க பேருதானேம்மா?"

"ஆமாங்க மேடம்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ கத்துனப்ப கதவுக்கு வெளிய நான்தான் நின்னேன். 'அக்கா, அக்கா'ன்னு என்னையத்தான் கூப்பிட்டா. எதுவும் கேக்கலைன்னு மொதக் கையெழுத்துப் போட்டு, மத்தப் பத்துப் பேருக்கும் பேனாவ நீட்டுனதும் நான்தான். அடுத்த வாரம் என்னையக் கேப்டன் ஆக்குனாங்க."