சுடுவதற்கு முன்

மானிட்டர் திடீரென்று அலறியது. பதற வேண்டிய டாக்டர் ஜெபசிங், "அப்பாடா, வந்துடுச்சு!" என்றார்.

மேஜையில் விழித்தபடி படுத்திருந்த பூரணிக்கு இதயம் வலப்பக்கம். தொடையிலிருந்து மேலே போகும் ரத்தக்குழாயும் பாதியில் திசை மாறியிருந்ததால், கழுத்து வழியாக ஒயரை இறக்கி, அவளை வாட்டும் படபடப்பை வரவழைக்கக் காலையிலிருந்து போராடிக்கொண்டிருந்தார்கள். அது வந்தால்தான் இதயத்தில் கோளாறான இடத்தைக் கண்டுபிடித்து ஒயர் நுனியால் சுட முடியும். வீட்டில் கூப்பிடாமலே வரும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் ஓடிவிடும். "வேலைன்னு சொன்னா போதும், இவளுக்குப் படபடப்பு வந்துடும்" என்று புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். இல்லை, இல்லை என்று சொல்லியே அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. முதன்முதலாக நம்பியவர் இந்த டாக்டர்தான்.

திரையில் கோடுகள் முண்டியடித்து ஓடின.

"இடம் தெரிஞ்சுடுச்சும்மா. ஒரு சூடு வெச்சா இது இனி உங்க பக்கமே வராது. வெச்சுடலாமா?"

பூரணிக்கு மூச்சு வாங்கியது. தலையை மட்டும் கதவுப் பக்கம் திருப்பினாள்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். அவரு வெளியிலதான் உக்காந்திருக்காரு. கூப்பிட்டு இதை ஒரு தடவை காட்டிடுங்க."