தீவில் ஒரு பிள்ளை

"புள்ள துன்னானா?"

போனைப் பார்த்துக் கேட்டாள் கோதை. விசைத்தறியை நிறுத்திவிட்டு அப்படியே வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

மகன் ரவியின் போனில் இருந்த மொழிபெயர்ப்பு ஆப் அதைச் சீன மொழியில் சொன்னது. ஹைனான் தீவின் கோடியில், நாற்பது வீடுகளே உள்ள மீனவர் ஊரிலிருந்து லின் என்ற பெண் பதில் சொன்னாள். சோறும் மீனும் வைத்தாயிற்று.

"சீனாக்கார சம்பந்தி என்னா சொல்றா?" பக்கத்து வீட்டு பிரமிளா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"உன்ன மாதிரி எட்டிப் பாக்கமாட்டா அவ."

லின் போனைத் திருப்பினாள். கடலைப் பார்த்த மேட்டில் ஒரு சமாதி. கல்லில் கிஷோர் என்று தமிழில் செதுக்கியிருந்தார்கள்.

ரவியின் அண்ணன் கிஷோர் வேலை பார்த்த கப்பல் அந்தப் பக்கக் கடலில் மூழ்கி இரண்டு வருஷம் ஆகிறது. கரையில் ஒதுங்கும் உடலை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மண்ணிலேயே புதைப்பார்கள். உறவென்று ஒருவர் பெயர் சொன்னால்தான் தனிக் கல்லும், அமாவாசைதோறும் படையலும். அந்த வருஷம் ஒதுங்கியது ஓர் உடல்தான்.

போனில் பேசிய முதல் நாள், உடலில் இருந்த ஒரு கிழிந்த சட்டையை லின் காட்டினாள். கோதை அதை வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தினி வயசிருக்கும்?"

இருபத்தைந்துக்குள் என்றாள் லின்.

"எம்புள்ளதான்" என்றாள் கோதை.

எலும்பையாவது சொந்த ஊரான நகரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது ரவி. டி.என்.ஏ. பரிசோதனைக்கு வரமாட்டேன் என்ற அம்மாவை வற்புறுத்தித் திருப்பதிக்கு அழைத்துப் போனான். இன்று காலையில் முடிவு வந்துவிட்டது. அது கிஷோர் இல்லை.

சொன்னால் அம்மாவுக்கு அண்ணன் இரண்டாம் தடவை சாவான். ரவி போனை அணைத்தான்.

"ரிப்போர்ட் வந்துச்சாடா?"

"வர்லமா. வந்தாலும் கொண்டார முடியாதாம். அங்கயே இருக்கட்டும். நல்லாத்தான பாத்துக்கினு இருக்காங்க."

கோதை அவன் முகத்தையே பார்த்தாள்.

"கிஷோர் இல்லன்னு வந்துச்சா?"

அழப்போகிறாள் என்று ரவி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அழவில்லை.

"அந்தச் சட்ட அவனுது இல்ல நைனா. மொத நாளே தெரியும்."

"பின்ன ஏம்மா சொன்ன?"

கோதை கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"யாருனா ஒருத்தி எம்புள்ளன்னு சொன்னாத்தான அதுக்குச் சோறு வைப்பாங்க."