டோன் பெலிப்பேக்கு ஒரு ஜெபம்

"முதல் வருஷம் பூரா நான் விடுதிலதான் கிடந்தேன்" என்றான் கோல்பி. அவன் போட்டிருந்த பல்கலைக்கழகச் சட்டை துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. பார்த்தாலே தெரிந்தது, இந்த வளாகத்தின் பழைய ஆள் என்று.

யெசேனியா தன் புத்தம் புதுப் பையை மேசைக்கடியில் தள்ளினாள்.

வேதியியல் ஆய்வுக்கூடத்தின் கடைசி மேசை. பருவத்தின் முதல் வகுப்பு. எதிரில் கோல்பியும் அனூஷும், பக்கத்தில் வாயே திறக்காத பெங். பெயர்ச் சீட்டுகளை ஒட்டி இப்படி உட்கார வைத்தவர் டால் மேடம். அகரவரிசையும் இல்லை, வேறு எந்த வரிசையும் இல்லை.

ஒரே மேசைக்காரர்கள்தான் பருவம் முழுக்கச் சேர்ந்து சோதனை செய்ய வேண்டும். "பிடிக்காதவங்க வகுப்பு முடியறதுக்குள்ள மேசை மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மேடம் முன்வரிசைப் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சொல்தான் யெசேனியாவை உறுத்தியது. அவளுடைய பெரியம்மா மகள் மாரிசோலும் அவளைப் போலவே, கேட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்கும் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் முடித்துவிட்டு, பட்டம் வாங்க இங்கே மாறி வந்தவள்தான். எங்கிருந்து வருகிறாள் என்று கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். "ஓ, அப்படியா!" என்று சிரித்த முகமாகவே கேட்டுக்கொண்டு, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு வீட்டுக்கு வந்தவள் அப்புறம் திரும்பிப் போகவே இல்லை.

"படிப்பு வரலேன்னா சமாளிச்சுக்கலாம்டி. எங்கேர்ந்து வந்தேன்னு மட்டும் மூச்சு விட்டுடாதே" என்று சொல்லித்தான் அவள் யெசேனியாவை அனுப்பியிருந்தாள்.

"நீ எங்க தங்கியிருந்தே?" என்று அனூஷ் அவள் பக்கம் திரும்பினாள்.

"நானும் விடுதிதான்." பொய் சொன்ன நாக்கு அதோடு நிற்குமா? "டோன் பெலிப்பே வைக்கிற போசோலே சூப்புக்காகவே அங்க இருந்தேன்னு வச்சுக்கயேன்!"

டோன் பெலிப்பே என்று ஒரு சமையல்காரர் கிடையவே கிடையாது. ஞாயிறுதோறும் அவள் மெழுகுவர்த்தி ஏற்றும் புனித பெலிப்பேயின் பெயர், 'டோன்' என்ற ஸ்பானிய மரியாதை அடையோடு அவசரத்துக்கு வாயில் வந்துவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தாள்.

கோல்பி மேசையைத் தட்டினான். "அட, அந்த மனுஷனா! வெள்ளிக்கிழமைன்னா அந்த சூப்புக்கு ரெண்டு தடவை வரிசையில நிப்பேனே நான்!"

"ஓஹோ, நீதானா அது? உன்னாலதான் எனக்கு எப்பவும் அடிச்சட்டி வறண்டு கிடந்துச்சு" என்றாள் அனூஷ். "எனக்குக் கொஞ்சம் போதும்னா விடமாட்டாரு. 'குருவி மாதிரி கொறிக்கிறியே'ன்னு திட்டுவாரு. அந்த மீசையும் அவரும்!"

"மீசைன்னா மீசை! சூப்புல தோயாம இருந்தா அதிசயம்!"

யெசேனியாவுக்குப் போன உயிர் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல்லில் மாங்காய் விழுந்திருக்கிறது! இந்தப் பாவி ஒரு நாள் மாட்டிக்கொள்வாள் என்று தெரிந்து, ஆண்டவர் ஒரு பெலிப்பேயை முன்கூட்டியே அந்த அடுப்படியில் நிறுத்தி வைத்திருந்தாரா? அவர் கருணைக்கு அளவே இல்லை என்று உள்ளுக்குள் உருகினாள்.

"நீ என்னப்பா ஊமைச்சாமி மாதிரி இருக்கே?" என்று அனூஷ் பெங்கைச் சீண்டினாள். "உனக்கு அவரைத் தெரியாதா? இப்ப எப்படி இருக்காரு?"

மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். பெங்கின் காதுமடல் சிவந்தது.

"அவரு... போன வருஷம் தவறிட்டாரு."

கோல்பி தொப்பியைக் கழற்றினான். "எனக்கு யாருமே சொல்லலியேடா" என்று பெங்கின் தோளைப் பற்றிக்கொண்டான். அனூஷின் கண்களில் நிஜமாகவே நீர் கோத்தது.

யெசேனியாவுக்கு நெஞ்சை அறுத்தது. பசித்த பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்த ஒரு நல்ல மனிதர். செத்துப்போனவர். அவர் பெயரை வைத்தா பொய் சொன்னோம்?

"அவருக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணலாமா?" என்றாள்.

ஒருவரும் மறுக்கவில்லை. யெசேனியா சிலுவை போட்டுக்கொண்டாள்; நால்வரும் கைகோத்துத் தலை குனிந்தார்கள். அந்த ஆன்மா இளைப்பாறட்டும் என்று அவள் மனமுருக வேண்டினாள். அனூஷின் விரல்கள் அவள் விரல்களை இறுகப் பிடித்திருந்தன. இனி இந்த மேசையை விட்டு யாரும் போகமாட்டார்கள் என்று அந்தப் பிடியே சொல்லிற்று. உண்மை மட்டும் தெரியாமல் இருந்தால் போதும்.

"என்னப்பா இது, அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள ஜெபமா?" டால் மேடம் பின்னால் வந்து நின்றார்.

அனூஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல் வருஷத்துல எங்க விடுதில சமைச்சுப் போட்டவரு, மேடம். போன வருஷம் இறந்துட்டாராம். நாலு பேருமே அவரு கையால சாப்பிட்டவங்க."

மேடம் நான்கு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசையில் ஒட்டியிருந்த பெயர்களைக் குனிந்து சரிபார்த்தார்.

"புது இடத்துல ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கட்டும்னு நான்தானே உங்கள ஒண்ணா உட்கார வச்சேன்... நாலு பேருமே போன மாசம் வரைக்கும் சமுதாயக் கல்லூரிதானே?"