நீர்நிலை: இல்லை

குணபால நயினார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ‘நீர்நிலைகள்’ என்ற இடத்துக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதி முடித்ததும் எனக்குத் தாகம் எடுத்தது.

எண்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை. ஊருக்குப் பின்னாலிருக்கும் சர்க்கார் குன்றை ஒரு கருங்கல் கம்பெனி கேட்டிருந்தது. ஈடாகக் கீழ்பென்னாத்தூர் பக்கம் அதே அளவு தரிசு தருகிறார்களாம். மாற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் மரத்துக்கும் ஆடுமாட்டுக்கும் கேடு வருமா என்று பார்த்து எழுத, திருவண்ணாமலை தாலுகா ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டரான என்னை அனுப்பியிருந்தார்கள்.

பார்த்து எழுத என்றால், ஏறிப் பார்த்து எழுத.

பௌர்ணமிதோறும் எட்டு மைல் மலை சுற்றுகிற கால்தான் எனக்கு. ஆனால் புண்ணியம் வேறு, உத்தியோகம் வேறு. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மொட்டைப் பாறை. மேலே என்ன இருந்துவிடப் போகிறது?

எதற்கும் நயினாரை ஒரு வார்த்தை கேட்டேன். ஜைனர். பொய் சொல்லமாட்டார் என்று ஊரே சொல்லும்.

“மேல சுனை கினை ஏதாச்சும் இருக்குங்களா?”

“நீங்க பாத்து எழுதிக்குங்க சார்” என்றார்.

பொய் இல்லைதான். அவர் மகன் தேவகுமாருக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்று பேசி முடித்திருந்தார்கள். ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்ற தாளில் முதல் கையெழுத்து நயினாருடையது. இதெல்லாம் தெரிந்தும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் ஏற வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அவர் மனைவி தர்மதேவி குடத்தோடு வந்தார். செம்பின் வாயில் வெள்ளைத் துணியை நாலாக மடித்துப் போட்டு வடிகட்டிக் கொடுத்தார். ஜில்லென்று இருந்தது. அப்படி ஒரு தண்ணீரை டவுனில் நான் குடித்ததே இல்லை.

பிறகு அந்தத் துணியை இன்னொரு செம்புத் தண்ணீரில் அலசி, அந்தச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போனார்.

“எங்க போறாங்க?”

“துணியில ஜீவன் தங்கியிருக்கும் சார். எங்க மொண்டமோ அங்கயே கொண்டுபோய் விடணும். எங்க வழக்கம் அது.”

ஜன்னல் வழியே பார்த்தேன். அந்த அம்மா தெருக்கோடிக் கிணற்றைத் தாண்டினார். களத்தைத் தாண்டினார். குன்றில் ஏற ஆரம்பித்தார்.

நான் எழுதிய ‘இல்லை’ மடியில் கிடந்தது. குடித்த தண்ணீர் வயிற்றில் இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முகம் கழுவப் புழக்கடைப் பக்கம் போனேன். நயினாரும் கூடவே வந்தார். அங்கே ஒரு கிணறு. அந்தக் கோடையிலும் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது.

“வீட்லயே இவ்ளோ தண்ணி இருக்கச்சே, அம்மா எதுக்கு தெனம் மலை ஏறுறாங்க?”

“தெனம் எங்க ஏறுறா? வாக்கப்பட்டு வந்து முப்பது வருசம், அந்தச் சுனைக்கு ஒரு நாளும் குடம் எடுத்துக்கினு போனதில்ல. நீங்க வரீங்கனு நேத்து தலையாரி சொல்லிட்டுப் போனாரு. இன்னிக்கி விடியக்காலம்தான்...”

நயினார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.



பிறகு அவர் உள்ளே போனார். குடையை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

“வெயில் ஜாஸ்தி சார். விரிச்சிக்கினு ஏறுங்க.”